திரை ஆடாத ஜன்னல்

பெல்லக்கா என்று கேட்டால்தான் டெப்போவில் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பேரைச் சொன்னால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். எந்த சைக்கிளை ரிப்பேர் பார்த்தாலும் கடைசியில் ஒரு தரம் மணியை அடித்துப் பார்க்காமல் அவள் கையை விட்டு அனுப்ப மாட்டாள். அதில் ஒட்டிக்கொண்ட பேர் அது. கேலியாகத்தான் வைத்தார்கள். ஒன்பது வருஷத்தில் கேலி உதிர்ந்துபோய் பேர் மட்டும் நின்றுவிட்டது.

அந்த நகரத்தில் மூலைக்கு மூலை வாடகை சைக்கிள் ஸ்டாண்டு உண்டு. போனைக் காட்டினால் பூட்டு திறந்துகொள்ளும். ஏறி ஓட்டிப் போய் வேறொரு ஸ்டாண்டில் கொண்டுபோய்ச் சொருகிவிட வேண்டும். அரைமணிக்குள் சொருகிவிட்டால் காசு கிடையாது. அங்கேயே இன்னொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டாண்டுக்குப் போகலாம். ஆபீஸ் போகிறவர்களுக்காக வந்த ஏற்பாடுதான். ஆனால் ஊர் பார்க்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? சனி ஞாயிறு ஆனால் கழுத்தில் கேமராவும் தலையில் தொப்பியுமாக வந்து ஸ்டாண்டைத் துடைத்து எடுத்துவிடுவார்கள்.

பெல்லக்காவுக்கு வேலை வேனில். நிரம்பி வழியும் ஸ்டாண்டில் ஏற்றி, காலியாகக் கிடக்கும் ஸ்டாண்டில் இறக்க வேண்டும். கெட்டுப்போனதை அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும், முடியாவிட்டால் டெப்போவுக்குத் தூக்கிவர வேண்டும். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஓட்டுகிறவர் சைக்கிளில் ஏதாவது கோளாறு கண்டால், இறங்கும்போது சீட்டின் மூக்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார். எந்த போர்டிலும் எழுதி வைக்காத வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ, ஊரே பழகிக்கொண்டது.

இந்த வழக்கத்தின் மேல் பெல்லக்காவுக்கு ஒரு பைத்தியம். "யாரு பெத்த புள்ளையோ, பின்னால வர்றவன் விழுந்துடக் கூடாதுன்னு நெனச்சுத் திருப்பி வெச்சுட்டுப் போயிருக்கு பாருங்கண்ணே" என்று வேன் ஓட்டும் அண்ணனிடம் வாரத்தில் நாலு முறையாவது சொல்வாள். வேன் அண்ணன் ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருக்கிற மனிதர். ஊர் மேல் அவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "ஆமாம்மா, எல்லாரும் தங்கம்" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றுவார்.

வேலைக்குச் சேரும்போது அவளுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் பூட்டுக் கடையில் உட்கார்ந்து ஸ்க்ரூ, ஸ்பிரிங் என்று கை பழகியிருந்தது. இன்டர்வியூவில் எல்லாம் தெரியும் என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டாள். சேருவதற்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க அவள் பின்னாலேயே ஓடியவர் அவளுடைய கணவர். இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனிதர். அவர் அப்படி ஓடியதை நினைத்தால் அவளுக்கு எத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சு குளிரும். அந்தக் குளிர்ச்சியிலேயே பல குறைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறாள்.

வேனில் போகப் போக அவளுக்கு ஊர்ப் பித்துப் பிடித்தது. பிறந்ததிலிருந்து இருக்கும் ஊர்தான். ஆனால் பூட்டுக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் என்ன தெரியும்? இப்போது உயரமான வேனில் உட்கார்ந்து தினமும் எழுபது தெருவைப் பார்த்தால் கண் தானாகவே திறந்துகொள்ளாதா? மணிக்கூண்டின் நாலு முகமும் நாலு நேரம் காட்டுவதைக் கண்டுபிடித்தாள். தெற்கு முகம்தான் சரி. ஆற்றுப் பாலத்தில் மூன்றாவது வளைவின் கீழே மட்டும் தண்ணீரின் சத்தம் மாறுவதைக் கண்டுபிடித்தாள். பழைய தபால் ஆபீஸ் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், வரிசையாக இருக்கும் ஒன்பது ஜன்னல்களில் ஏழாவது ஜன்னல் பொய் என்று கண்டுபிடித்தாள். சுவரில் வரைந்தது அது. கண்ணாடி, கம்பி, பாதி விலகிய நீலத் திரை எல்லாமே பெயின்ட். எத்தனை காற்று அடித்தாலும் அந்தத் திரை ஆடவில்லையே என்று யோசித்துத்தான் பிடித்தாள். அதன் கீழேதான் தபால் ஆபீஸ் ஸ்டாண்டு.

அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் வேன் அண்ணன் வேகத்தைக் குறைத்து, "திரை ஆடுதா பாரு" என்பார். அவள் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்து, "ஆடலண்ணே!" என்பாள். ஐந்து வருஷமாக இதே பேச்சு. இருவருக்கும் அலுக்கவில்லை.

பார்த்ததையெல்லாம் சாயங்காலம் வீட்டில் கணவரிடம் ஒப்பித்துவிடுவாள். ரிப்பேர் எழுதும் காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு வழியும் போட்டு வைத்தாள். ஒன்பது ஸ்டாண்டு, எட்டுத் துண்டுப் பயணம், எதுவும் அரைமணியைத் தாண்டாது. எங்கே இறங்கித் தள்ள வேண்டும், எங்கே எந்த நேரத்துக்கு வெயில் நன்றாக விழும், எந்தக் கட்டடத்தை எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அவளும் அவரும் ஒருநாள் காலையில் கிளம்பி மத்தியானம் வரை ஊர் சுற்ற வேண்டும். ஆசை என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றைத்தான்.

"முழங்கால் ஒத்துழைக்க மாட்டேங்குதே" என்றார் கணவர். டாக்டர் மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்? அவள் வற்புறுத்தவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தைலத்தைச் சூடாக்கி அவர் முழங்காலில் தேய்த்துவிட ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே அன்றைக்குப் பார்த்ததைச் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடு நடுவே, "அது எந்தத் தெரு? எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்பார். போக முடியாத மனுஷன் மனசிலேயாவது போய்ப் பார்க்கிறாரே என்று அவள் இன்னும் விவரமாகச் சொல்வாள். அவர் மட்டும் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அப்போதே வெட்கப்பட்டிருப்பார்.

இப்படி இருக்கும்போது புகார் வந்தது. தபால் ஆபீஸ் ஸ்டாண்டில் சனிக்கிழமை காலையில் ஐந்து சைக்கிள் சீட் திருப்பியபடி நிற்கின்றன, யாரும் சரிசெய்வதில்லை என்று யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். பதினோரு மணிக்கு வேன் அங்கே போனால், ஸ்டாண்டே காலியாக இருக்கும். 'பழுது ஏதும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். அடுத்த சனிக்கிழமையும் புகார், அதற்கடுத்த சனிக்கிழமையும் புகார்.

சூப்பர்வைசர் அம்மா மூன்று போட்டோவையும் மேஜையில் பரப்பினாள். "போகாமலே எழுதிக் குடுக்குறேன்னு மேல சொல்றாங்க. நான் நம்பல. ஆனா நான் நம்பி என்ன ஆகப் போகுது? இன்னும் ஒரு வாரம்தான். அப்புறம் உன்ன வேன்லேர்ந்து எறக்கிக் கழுவுற எடத்துல போட்டுடுவாங்க."

கழுவுற இடம் டெப்போவின் பின்பக்கம். நாலு சுவர், மேலே தகரம். அங்கே போனால் நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாயும் சேறும்தான். தெருவும் இல்லை, பாலமும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. சம்பளம் அதேதான் என்று சூப்பர்வைசர் அம்மா ஆறுதலாகச் சொன்னபோது பெல்லக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். "நல்லா இருக்குற சைக்கிள கெட்டதுன்னு திருப்பி வெச்சு, மத்தவங்க எடுக்காமப் பாத்துக்கிட்டு, அப்புறம் வந்து அவங்களே எடுத்துட்டுப் போறாங்க. பதினோரு மணிக்குத்தான் வேன் வரும்னு தெரிஞ்சவங்கதான் பண்ணணும். யாருங்க பண்ணுவா?"

"எனக்கு ஒண்ணு தோணுது, சொன்னா நீ கோவிச்சுக்கக் கூடாது" என்றார் அவர்.

"சொல்லுங்க."

"உங்க வேன் டிரைவர். வேன் வர்ற நேரம் அவருக்குத்தானே தெரியும்? சொந்தக்காரங்களுக்குப் பிடிச்சு வெச்சுக் குடுக்குறாரோ என்னவோ."

சொன்னவர் யார்? அவளுக்காகப் பத்து நாள் மூச்சிரைக்க ஓடியவர். நம்பாமல் என்ன செய்வாள்? மறுநாள் வேனில் ஏறியதும் கேட்டேவிட்டாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள், நேராகத்தான் கேட்டாள். வேன் அண்ணன் சாவியைத் திருகாமல் அவளையே பார்த்தார். "நானாம்மா?" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கத் தபால் ஆபீஸைக் கடக்கும்போது அவர் வேகத்தைக் குறைக்கவும் இல்லை, திரையைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. கணவர் வழக்கம்போல, "ஆபீஸ்ல அரைநாள் வேலை இருக்கு" என்று சட்டை இஸ்திரி போட்டு, ஷூ துடைத்துக்கொண்டு கிளம்பினார். அவளும் கிளம்பினாள். டெப்போவுக்குப் போகாமல் நேராக ஸ்டாண்டுக்குப் போக சூப்பர்வைசர் அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தாள். இதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, சாயங்காலம் பெருமையாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் ஸ்டாண்டில் ஐந்தே சைக்கிள்தான் மிச்சம். ஐந்துக்கும் சீட் திரும்பியிருந்தது. பத்திரிகைக் கடையின் பக்கவாட்டில் நின்றுகொண்டாள். வந்தவர்கள் எல்லாரும் ஐந்தையும் பார்த்துவிட்டு, சே என்று நடையைக் கட்டினார்கள். ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பெல்லக்காவுக்கு ரத்தம் கொதித்தது. எவனாக இருந்தாலும் இன்றைக்கு விடுவதில்லை என்று ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு ஐந்து பேர் வந்தார்கள். கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர், அவர் மனைவி, இரண்டு இளைஞர்கள். அவர்களுக்கு முன்னால், கையில் மடித்த காகிதத்தோடு, காலைக் கொஞ்சம்கூடச் சாய்க்காமல் விறுவிறு என்று நடந்து வந்தவர் அவளுடைய கணவர்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. ஆபீஸ் வேலையாக வந்திருக்கிறார், இவரிடம் சொன்னால் திருடனைப் பிடிக்க உதவி செய்வார் என்றுகூட ஒரு கணம் நினைத்தாளே, அந்தப் பைத்தியக்காரத்தனத்தை என்ன சொல்ல!

"மேனேஜர் சார், மேடம், எல்லாரும் மேல பாருங்க" என்றார் அவர். அப்படி ஒரு கணீர்க் குரல் அவரிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. "எடது பக்கத்துலேர்ந்து ஏழாவது ஜன்னல். அது ஜன்னலே இல்ல, வரஞ்சது. எவ்வளவு காத்து அடிச்சாலும் திரை ஆடாது பாருங்க."

நாலு பேரும் அண்ணாந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். "ஊர்ல இத்தன வருஷமா இருக்கோம், கண்ணுல படலையே! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள் மேனேஜரின் மனைவி.

"கண்ணத் தெறந்து வெச்சிருந்தா எல்லாம் தெரியும் மேடம்."

"வாரா வாரம் எங்களுக்கு ஊர்ல புதுசு புதுசா ஏதாவது காட்டுறீங்க. உங்க வீட்டம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு வரலாமே?"

"அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது மேடம்" என்று அவர் சிரித்தார். "வீடு உண்டு, வேலை உண்டுன்னு இருக்குறவ. ஊர நிமிந்து பாத்ததே கெடையாது."

தனக்கு வந்தது கோபம் என்று நினைத்தாள். கோபம் இல்லை. யாரோ வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனபின் வாசலில் நிற்கிறவளுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. கால் அவளைக் கேட்காமலே கடையை விட்டு வெளியே வந்தது.

சீருடையைப் பார்த்ததும் மேனேஜர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. இது அஞ்சும் சீட் திரும்பியிருக்கே. கெட்டதா? இவரு ஓடும்ங்கிறாரு."

கணவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. அவர் இப்போது வாயைத் திறந்து, "சார், இவதான் என் சம்சாரம், இதையெல்லாம் கண்டுபிடிச்சவளே இவதான்" என்று சொல்லியிருந்தால் போதும். அவ்வளவையும் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

அவர் அவளுடைய கிரீஸ் படிந்த கையைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். "கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லுங்கம்மா" என்றார், முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் சொல்வதுபோல.

ஏதோ ஒரு குரல், "சரிங்க சார்" என்றது. அவளுடைய குரல்தான்.

ஐந்து சைக்கிளையும் பார்த்தாள். பிரேக், செயின், டயர், எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. சீட்டுகளை நேராகத் திருப்பினாள். ஒவ்வொருவரையும், "உங்களுக்கு உயரம் சரியா இருக்கா?" என்று கேட்டு, ஏற்றி இறக்கிக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் மணியை அடித்துப் பார்த்தாள். கடைசி சைக்கிள் கணவருக்கு. கேட்காமலே இரண்டு விரற்கடை உயர்த்தி இறுக்கினாள். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலுக்கு ஆகாது.

"எங்களை எல்லாம் கேட்டாங்க. உங்கள மட்டும் கேக்கவே இல்லையே?" என்றாள் மேனேஜரின் மனைவி.

"பழக்கத்துல தெரியும் போல" என்றார் அவர்.

ஐவரும் ஏறிப் போனார்கள். அவர் முதலில், நன்றாக மிதித்து, வளைவில் கையைக் காட்டிக்கொண்டு போனார். தன் கை அந்த சீட்டை உயர்த்தியதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னது அவர். அசிங்கமாக இருந்தது அவளுக்கு.

டெப்போவில் சூப்பர்வைசர் அம்மா கேட்டாள், "ஆளு கெடச்சானா?"

"கெடச்சாரு. இனிமே திருப்ப மாட்டாரு."

"யாரு? பேரக் குடு, அவன் கணக்கையே நிறுத்திடலாம்."

"யாரோ ஒரு சார்" என்றாள். அடுத்த வாரமும் புகார் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் அம்மா புகார்க் காகிதத்தை மடித்து வைத்தாள்.

சாயங்காலம் கணவர் வந்தார். வாசற்படியில் ஏறும்போது பழக்கதோஷத்தில் காலைச் சாய்த்து நொண்டினார், பிறகு ஞாபகம் வந்து நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்ததை அவர் தன் கையெழுத்தில் பிரதி எடுத்தது. அழகான குமாஸ்தா கையெழுத்து.

"ஆபீஸ்ல என்ன யாரும் ஒரு மனுஷனாவே மதிச்சதில்ல. ஒருநாள் நீ சொன்ன மணிக்கூண்டு கதையச் சொன்னேன். எல்லாரும் வாயப் பொளந்து கேட்டாங்க. அப்புறம் நிறுத்த முடியல" என்றார். "நீ வேன்ல வேலை செய்யறேன்னு அவங்களுக்குத் தெரியாது. ரிப்பேர் வேலைன்னு எப்படிச் சொல்றது? நீயே சொல்லு."

"வேன் அண்ணன் பேர எதுக்குச் சொன்னீங்க?"

அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். அவள் தைலப் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். "நீங்களே தேய்ச்சுக்கங்க சார்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. அவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, தொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "கெளம்பு. ஒம்போது ஸ்டாண்டும் போயிட்டு வரலாம். ரெண்டு பேரும்."

எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தாள்! போக வேண்டும் என்றும் இருந்தது, அதுதான் கொடுமை. ஆனால் எந்த இடத்தை நினைத்தாலும் அங்கே அந்தக் கணீர்க் குரல் முதலில் போய் நின்றுகொண்டிருந்தது.

"எனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். சொல்லிவிட்டு மாவு சலிக்க உட்கார்ந்தாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

புதன்கிழமை வேன் அண்ணனிடம், "நான் உங்களக் கேட்டது தப்புண்ணே. மன்னிச்சுக்குங்க" என்றாள். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டவர்போல, "விடும்மா" என்று மட்டும் சொல்லி சாவியைத் திருகினார்.

அடுத்த சனிக்கிழமை புகார் எதுவும் வரவில்லை. வேன் அவளுக்கே தங்கியது. பதினோரு மணிக்குத் தபால் ஆபீஸை நெருங்கியபோது வேன் அண்ணன் பழையபடி வேகத்தைக் குறைத்தார். வேண்டுமென்றே நன்றாகவே குறைத்தார்.

"திரை ஆடுதா பாரு" என்றார்.

அவள் மடியில் கிடந்த ரிப்பேர் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். "ஆடலண்ணே" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.